கடனைக் கட்ட முடியாத நிலை வரும்போது: மலையகத்துச் சிறு வியாபாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசாங்கம் தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அதன் பின்னர் ‘வங்குரோத்து’ என்ற சொல் ஹட்டன் பஸ் நிலையத்திலும் நானுஓயாத் தேநீர்க் கடையிலும் அன்றாடம் காதில் விழும் சொல்லாகிவிட்டது. அரசாங்கம் கடன் கொடுத்தவர்களோடு மேசையில் அமர்ந்தது, தவணையை நீட்டியது, ஒரு பகுதியைக் குறைத்தும் கொண்டது. ஆனால் நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் வாங்கித் தம்புள்ளைக்கு லொறி ஏற்றும் ஒருவர் இரண்டு போகம் நட்டப்பட்டு நிற்கும்போது, அவருக்கு அப்படியொரு மேசையைப் போட்டுத் தரக்கூடிய சட்டம் இந்த நாட்டில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்ல வேண்டும். தனிமனிதரின் கடன் முறிவுக்கு இன்றும் பொருந்துவது 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மலையகத்தில் தேயிலை பரவுவதற்கு முன், கோப்பிக் காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ஆகவே அந்த மேசையை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதையும் வழக்கு வருவதற்கு முன்னரே செய்ய வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகளும் சகோதரிகளும் கனடாவிலும் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பதால், இதே நிலைக்கு அந்த நாடுகள் என்ன வழி வைத்திருக்கின்றன என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதல் வேலை: கடிதங்களைத் திறப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா பழைய பால்மா டின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் மூன்று வருடத்துப் பற்றுச்சீட்டுகள், நான்கு அடகுச் சீட்டுகள், குழுக் கடன் அட்டை, இவற்றுக்கு அடியில் இரண்டாக மடித்த ஒரு நீளக் கடித உறை. உறை பிரிக்கப்படவே இல்லை. ஆங்கிலத்தில் முகவரி அச்சிட்டிருந்ததால் அது பொலிஸ் கடிதம் என்று அவர் நினைத்துவிட்டார். பிரித்துப் பார்த்தபோது, நிதிக் கம்பனி ஒன்றின் சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதமாக அது இருந்தது. பதினான்கு நாட்களுக்குள் வந்து பேசும்படி கேட்டிருந்தார்கள். அந்த அம்மா பயந்த தொகையைவிடக் கடிதத்தில் இருந்த தொகை குறைவு. ஆனால் அந்தப் பதினான்கு நாட்கள் முடிந்து ஏழு வாரங்கள் கடந்திருந்தன.

ஆகவே எந்தக் கடிதமானாலும் அது வந்த அன்றே திறவுங்கள். வந்த திகதியை உறையின் மேல் எழுதிவையுங்கள். ஆங்கிலமோ சிங்களமோ தெரியாவிட்டால் பாடசாலை ஆசிரியரிடமோ, பிரதேச செயலகத்தில் தெரிந்தவரிடமோ அன்றைக்கே காட்டுங்கள். பிறகு ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடம் வாங்கியது, எப்போது, எவ்வளவு கையில் வந்தது, வட்டி எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியது, எதைப் பிணையாகக் கொடுத்தது, யார் பிணைக்குக் கையெழுத்து வைத்தது என்பவற்றை எழுதுங்கள். கடைப் பற்றுக் கொப்பியில் இருக்கும் சிறு தொகையையும், மாமாவிடம் வாங்கிய கைமாற்றையும் விட்டுவிட வேண்டாம். கடன் தகவல் பணியகத்தில், அதாவது நாம் ‘கிரிப்’ என்று சொல்லும் இடத்தில், உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் கடன்களின் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். மறந்துபோன பிணைக் கையெழுத்துகள் பலவும் அந்த அறிக்கையில்தான் வெளிப்படுகின்றன.

சிறைப் பயத்தை அதன் அளவில் வையுங்கள்

நம் மக்களுக்குக் கடன் என்றால் ஏற்படும் நடுக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. முன்னோர் இந்தக் கரைக்கு வந்து சேரும்போதே கங்காணியின் முற்பணம் அவர்கள் தலையில் ஏறியிருந்தது. அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் கடனை ஏற்றுக்கொண்டால்தான் ஆளை விடுவார்கள். 1921 இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் கடன் வசூலிக்க லயத்து வாசலில் வந்து நிற்பவர் “உள்ளே தள்ளிவிடுவோம்” என்று ஒரு வார்த்தை சொன்னால், இருக்கிற தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடும் பெண்களை இன்றும் பார்க்கிறேன்.

வெறுமனே கடனைக் கட்ட இயலவில்லை என்பதற்காக ஒருவரைச் சிறையில் அடைக்கக்கூடாது என்பது, இலங்கை 1980 இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11 ஆம் உறுப்புரை. வாங்கிய கடனைத் திருப்ப முடியாமை குடியியல் விடயம். அதற்குப் பொலிசாருக்கு வேலையில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்புக்குள் வராத சில விடயங்களைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பொய் சொல்லிக் கடன் வாங்குவதும், கடன்காரருக்கு, அதாவது கடன் கொடுத்தவருக்கு, எட்டாதபடி சொத்தை ஒளிப்பதும், நீதிமன்றம் விதித்த தாபரிப்புப் பணத்தைக் கொடுக்காமல் விடுவதும் வேறு கணக்கு. எல்லாவற்றையும்விட மலையக வியாபாரிகளை அதிகம் சிக்கவைப்பது காசோலை.

கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தும் காசோலை எழுதிக் கொடுப்பது, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். கடன் ஒரு குடியியல் விடயமாக இருக்க, அந்தக் கடனுக்காகக் கொடுத்த காசோலை உங்களை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் இதை நன்றாக அறிந்தே பின் திகதியிட்ட காசோலையையும், எதுவும் நிரப்பாத காசோலையையும் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், திகதி வருவதற்கு முன்னரே, பணம் இல்லை என்பதையும் காசோலையை வங்கியில் இட வேண்டாம் என்பதையும் எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகம்கூட 2022 முதல், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் காசோலையைப் பெரும்பாலும் குற்றவியல் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டது. நாம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

எதை முதலில் கட்டுவது

கடுமையாகக் கத்துகிறவருக்கு முதலில் கட்டுவதுதான் நம்மிடையே உள்ள வழக்கம். அது தவறு. உணவு, மின்சாரம், மருந்து, பிள்ளையின் பாடசாலைச் செலவு ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள். அதன் பிறகு, இழந்தால் உழைப்பே நின்றுபோகும் பொருளோடு கட்டப்பட்ட கடனைப் பாருங்கள். முச்சக்கர வண்டியையோ லொறியையோ லீசிங்கில் எடுத்திருந்தால், கடைசித் தவணை முடியும் வரை வண்டி கம்பனிக்கே சொந்தம் என்பதால், அங்கே தவணை தவறுவது உடனடியாகத் தொழிலில் அடிக்கும். அடகு வைத்த நகைக்கு ஏலத் திகதி இருக்கும். அந்தத் திகதியைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்க முடியுமா என்று ஏலத்துக்கு முன்னரே போய்க் கேளுங்கள்.

எந்தப் பிணையும் இல்லாத கடன்கள் இதற்குப் பிறகே வருகின்றன. வழக்குப் போட்டு, தீர்ப்புப் பெற்று, நீதிமன்றத்தின் மூலம் சொத்தைக் கைப்பற்றினால்தான் அவர்களால் அறவிட முடியும். அப்போதுகூட உடுதுணி, படுக்கை, தொழிற்கருவிகள், பயிர்ச்செய்கைக்குரிய உபகரணங்கள் போன்றவற்றைக் கைப்பற்ற முடியாதென்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218 ஆம் பிரிவு சொல்கிறது. தையல் இயந்திரத்தில் பிழைக்கும் ஒரு பெண்ணிடம் “இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவோம்” என்று யாராவது மிரட்டினால், இந்தப் பிரிவை அவர் சொல்லிப் பதிலளிக்கலாம். இயந்திரத்தையே தவணைக்கு எடுத்திருந்தால் மாத்திரம் நிலைமை வேறு.

தனியார் கொடுத்த வட்டிக் கடனில் மூன்று விடயங்களைச் சரிபாருங்கள். புரோநோட்டில் உண்மையாகக் கையில் கிடைத்த தொகை, முன்கூட்டியே கழித்துக்கொண்ட வட்டி, வட்டி வீதம் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டுமென்று 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் கேட்கிறது. அதே சட்டம், கொடூரமான வட்டி கொண்ட கொடுக்கல் வாங்கலை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது. இரண்டாவதாக, தனியார் கடனில் அறவிடக்கூடிய வட்டி முதல் தொகையை விஞ்சக்கூடாது என்ற விதி 1852 முதல் நமது சட்டத்தில் இருக்கிறது. பத்தாயிரம் வாங்கிப் பல வருடம் கழிந்திருந்தாலும் வட்டியென்று வழக்கில் பத்தாயிரத்துக்கு மேல் கேட்க முடியாது. மூன்றாவது, காலாவதி. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகளும், வாய்ப்பேச்சில் நடந்ததற்கு மூன்று ஆண்டுகளும் 1871 இன் 22 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குக் காலம். ஆனால் பழைய கடனை ஒப்புக்கொண்டு புதிதாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். பழைய கடன் பற்றி யாராவது தாளை நீட்டினால், வாசித்து விளங்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.

நாமே போடும் மேசை

உலகத்தின் எல்லா வங்குரோத்துச் சட்டங்களுக்கும் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இருப்பது எல்லோருக்கும் போதாதபோது, முந்தி ஓடிவந்தவர் முழுவதையும் அள்ளிக்கொண்டு போகாமல், ஒரே தரத்திலுள்ள கடன்காரர்களுக்கு அவரவர் கடனின் அளவுப்படி பங்கிடுவது. அந்தப் பங்கீடு நடக்கும் வரை எல்லோர் கையையும் நிறுத்திவைப்பது. அமெரிக்காவில் மனுவைத் தாக்கல் செய்த நொடியிலேயே வழக்கு, கைப்பற்றல், மிரட்டல் தொலைபேசி எல்லாம் நிற்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல், கடன் ஆலோசகர் ஒருவரிடம் சென்று பதிவுசெய்தால், கடன்காரர் அறுபது நாட்களுக்குப் பெரும்பாலான கடன்களுக்கு வட்டி ஏற்றவோ அறவிடவோ முடியாது. அறுபது நாள் மூச்சு விடுவதற்கு ஒரு மனிதருக்குக் கிடைக்கும் அந்த இடைவெளியை நினைக்கும்போதெல்லாம், அந்தப் பால்மா டின் என் கண்முன் வருகிறது.

நமக்கு அப்படியொரு சட்ட இடைவெளி இல்லாததால், கடிதத்தின் மூலம் அதைக் கேட்டுப் பெற வேண்டும். வங்கியானாலும் நிதிக் கம்பனியானாலும், இரண்டு தவணை தவறுவதற்கு முன்னரே கீழ்க்கண்டவாறு எழுதலாம்.

“எனது மாத வருமானம் கடந்த ஆறு மாதச் சராசரியில் 85,000 ரூபா. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் உணவு, மின்சாரம், மருந்து, பாடசாலைச் செலவு ஆகியவற்றுக்கு 58,000 ரூபா தேவைப்படுகிறது. மீதமுள்ள 27,000 ரூபாவை எனக்குக் கடன் தந்த நால்வருக்கும் அவரவர் நிலுவையின் வீதப்படி பங்கிடுகையில், தங்கள் நிறுவனத்துக்கு மாதம் 12,000 ரூபா வருகிறது. ஏனைய மூவருக்கும் இதே கடிதத்தை அனுப்பியுள்ளேன். அடுத்த எட்டு மாதங்களுக்கு இத்தொகையை ஏற்றுக்கொண்டு, தண்ட வட்டியை நிறுத்திவைத்து, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வருமானம், செலவுக்கான சான்றுகளை இணைத்துள்ளேன்.”

இந்தக் கடிதத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கண்ணீரோ மன்றாட்டமோ இதில் இல்லை, கணக்கு இருக்கிறது. நால்வரையும் சமமாக நடத்துகிறீர்கள் என்பதும் தெரிகிறது. வங்கி அதிகாரி தன் மேலிடத்துக்குக் காட்டக்கூடிய ஒரு தாள் அவர் கையில் கிடைக்கிறது. சொன்ன 12,000 ரூபாவை, பதில் வராவிட்டாலும், அடுத்த மாதம் முதல் தவறாமல் கட்டத் தொடங்குங்கள். கட்ட முடியாத தொகையை ஒருபோதும் எழுத வேண்டாம். மூன்றாம் மாதம் உடையும் வாக்குறுதி, வாக்குறுதி கொடுக்காமல் இருப்பதைவிடக் கெடுதியானது.

மத்திய வங்கியின் 2024 ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி, உரிமம் பெற்ற வங்கிகள் நெருக்கடியிலுள்ள வியாபாரங்களுக்கு உதவுவதற்கான புத்துயிர்ப்புப் பிரிவுகளை அமைத்திருக்கின்றன. கிளையில் “அப்படி ஒன்று கிடையாது” என்று சொன்னால், தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வங்கி பதில் தராவிட்டாலோ, வசூலிக்க வருபவர் அவமானப்படுத்தினாலோ, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற எண்ணில் அழைத்து முறையிடலாம்.

குழுக் கடன் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று வாங்கும் கடனில், ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் சம்பள நாளில் தங்கள் கைக்காசைப் போட வேண்டியிருக்கிறது. இதில் ஊர்ப் பகை வருவதற்கு முன், ஐவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே கடிதத்தில் ஐவரும் கையெழுத்திட்டுக் கம்பனியிடம் தவணை நீட்டிப்புக் கேட்பதே நல்லது. ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு கம்பனியிடம் புதிய குழுக் கடன் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். நான் பார்த்த மீளமுடியாத கணக்குகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடங்கியிருந்தன.

செய்யக்கூடாத இரண்டு காரியங்கள்

நெருக்கடி தெரிந்ததும் காணியை மனைவியின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ எழுதிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்த கைமாற்றத்தை ரத்துச் செய்ய ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியே நமது நீதிமன்றங்களில் வழக்குத் தொடரலாம். உறவினரின் கடனை மட்டும் இரகசியமாக அடைத்துவிட்டு மற்றவர்களைக் கைவிடுவதும் இதே வகைதான். இந்தியச் சட்டம், முறிவு நடவடிக்கை தொடங்குவதற்கு முந்திய இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கிச் சென்று, உறவினருக்கும் உள்ளாட்களுக்கும் கம்பனி தந்த இத்தகைய சலுகைகளைத் திருப்பி எடுக்கிறது.

மற்றது, பிணை நின்றவரை இருட்டில் வைப்பது. மலையகத்தில் பிணைக்குக் கேட்கப்படுபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது வேறு அரச ஊழியர். மாதச் சம்பளம் நிச்சயம் என்பதால் வங்கி அவரையே விரும்புகிறது. கடன் வாங்கியவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் பிணைக்காரரிடம் வர வேண்டும் என்ற உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவர் கையெழுத்திட்ட பத்திரத்திலேயே சாதாரணமாக எழுதியிருக்கும். நீங்கள் தவறும் மாதமே அவருக்குக் கடிதம் போகலாம். வங்கிக்கு எழுதுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். நாளை நீங்கள் பிணை நிற்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். பிணைக் கையெழுத்து என்பது கடன் கையெழுத்தேதான்.

வீடும் காணியும் ஆபத்தில் இருந்தால்

வங்கிக்கு ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை 1990 இன் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குத் தருகிறது. இதையே ‘பராட்டே’ என்கிறோம். வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, அதை வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வெளியிட்டு, ஏலத் திகதி குறிக்கும். 2011 திருத்தம், முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. நெருக்கடிக் காலத்துக்குப் பின்னர் 2024 இல் நாடாளுமன்றம் பராட்டேயைச் சில காலம் இடைநிறுத்தியது. இத்தகைய இடைநிறுத்தங்கள் ஒரு திகதியோடு முடிபவை. அவற்றை நம்பி உட்கார்ந்திருக்காமல், இடையில் கிடைத்த மாதங்களைத் தவணை மாற்றத்துக்கும், தேவையானால் காணியின் ஒரு பகுதியை நீங்களே நல்ல விலைக்கு விற்பதற்கும் பயன்படுத்துங்கள். ஏலத்தில் போகும் விலையும், நீங்களாக வாங்குநரைத் தேடி விற்கும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை.

தனியார் ஒருவரிடம் காணியை ஈடு வைத்தோ, குறித்த காலத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனை உறுதி எழுதியோ கடன் வாங்கியிருந்தால், நிலைமை உங்களுக்குச் சற்றுச் சாதகமானது. 1941 இன் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் இணக்க சபையிடம் விண்ணப்பிக்கலாம். அது இரு தரப்பையும் அழைத்து, கணக்குப் பார்த்து, தவணை முறையில் தீர்க்க முயலும். மீட்கும் காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பித்துவிடுங்கள். இந்தச் சபையைப் பற்றி மலையகத்தில் மிகச் சிலருக்கே தெரிந்திருப்பது எனக்குப் பெரிய வருத்தம். எந்த நிபந்தனையும் எழுதாமல், வாய்ப்பேச்சை நம்பி, முழு விற்பனை உறுதியாகவே காணியை எழுதிக் கொடுப்பவர்களை மீட்பது மிகக் கடினமான, நீண்ட வழக்கு. உறுதியில் ‘மீட்டுக்கொள்ளும் உரிமை’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாராமல் நொத்தாரிசின் முன் கையெழுத்திட வேண்டாம்.

1853 இன் சட்டத்துக்குள் போவதா

எல்லா வழியும் அடைபட்டால், மாவட்ட நீதிமன்றத்தில், கடனிறுக்க வகையற்றவராகத் தன்னைப் பிரகடனப்படுத்தும்படி கடனாளியே மனுச் செய்யலாம், கடன்காரரும் செய்யலாம். சொத்துகள் நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரின் கைக்குப் போகும். விசாரணையின் முடிவில் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழிலேயே முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று மூன்று தரங்கள் உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவரை ஒரு வகுப்பிலும், தன் பிழையால் விழுந்தவரை வேறொரு வகுப்பிலும் நிறுத்துகிறது. வீழ்ந்த மனிதருக்குப் பரீட்சைப் பெறுபேறு வழங்குவது போன்ற இந்த முறை, 1853 இல் கடனைப் பற்றி ஆண்டவர்கள் கொண்டிருந்த எண்ணத்தைக் காட்டுகிறது. வழக்குச் செலவும் காலமும் கூடுதல் என்பதால் சிறு கடனாளிக்கு இதை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். பல கடன்காரர் ஒரே நேரத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள், சொத்தோ சொற்பம் என்ற நிலையில் சட்டத்தரணியோடு இதைப் பேசிப் பார்க்கலாம்.

ஏனைய நாடுகள் நேர்மையான கடனாளிக்கு மறுபடி தொடங்கும் வாய்ப்பை வேகமாகத் தருகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50,000 பவுண் வரை கடனும், மிகச் சொற்ப சொத்தும் உள்ளவர், 2024 ஏப்ரல் முதல் கட்டணமே இல்லாமல், கடன் நிவாரணக் கட்டளை ஒன்றைப் பெற்று, பன்னிரண்டு மாதங்களில் தகுதியான கடன்களிலிருந்து விடுபடலாம். நம்மைப் போலவே தேயிலை விளையும் கென்யா, 2015 இல் இயற்றிய சட்டத்தில் சொத்தே இல்லாதவர்களுக்கென்று தனி நடைமுறை வைத்திருக்கிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுக் கோவை கம்பனிகளுக்கு விரைவான வழியைத் திறந்தாலும், தனிமனிதருக்கான பகுதியை, கம்பனிக் கடனுக்குப் பிணை நின்றவர்கள் வரைதான் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் நீலகிரிக்குப் போன நம் உறவினர் ஒருவர் கோத்தகிரியில் கடனில் விழுந்தால், அவருக்கு இன்றும் பொருந்துவது 1920 ஆம் ஆண்டின் மாகாண முறிவுச் சட்டம்தான். கடலின் இரு கரையிலும் பழைய தாளே நம்மைத் துரத்துகிறது.

தொழிற்சாலையோ கம்பனியோ மூடப்பட்டால்

இதுவரை கடனாளியின் பக்கம் பேசினேன். மலையகத்தில் இதைவிடப் பெரிய எண்ணிக்கையினர் மறுபக்கத்தில், அதாவது சம்பளமும் பணிக்கொடையும் வரவேண்டியவர்களாக நிற்கிறார்கள். வேலை கொடுத்தவர் உங்களுக்குத் தர வேண்டியதும் ஒரு கடன். நீங்களும் ஒரு கடன்காரர்.

கம்பனி தளர்வதற்கான அறிகுறி பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதியில்தான் முதலில் தெரியும். தொழிலாளியிடமிருந்து 8 வீதம், வேலை கொடுப்போரிடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்போர் தனியாக 3 வீதம் என்று ஒவ்வொரு மாதமும் போக வேண்டும். சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிபட்டிருந்தும் நிதிக் கணக்கில் அது வந்து சேராமல் இருந்தால், அன்றே தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் வேலை கொடுப்போர் மீது விழும். கம்பனி விழுந்த பிறகு முறையிடுவதைவிட, அது இன்னும் நடமாடும்போது முறையிடுவதே பலன் தரும்.

பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்கூலிக்காரருக்குப் பதினான்கு நாள் கூலி. வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் அது கைக்கு வர வேண்டும். இத்தகைய இடத்தில் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆட்களை நிறுத்துவதற்கு, தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்பது 1971 இன் 45 ஆம் இலக்கச் சட்டம். ஆகவே மூடும் நாளில் நீட்டப்படும் ‘சுயவிருப்பில் விலகுகிறேன்’ என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். தொழில் நியாய சபைக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

நீதிமன்றம் கம்பனியை மூடி, கலைப்பாளரை நியமித்தால், எல்லோரும் தங்கள் கோரிக்கையை அவரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், பணிக்கொடை, சம்பள நிலுவை போன்றவற்றைச் சாதாரணக் கடன்காரருக்கு முன்னால் வைக்கிறது. ஆனால் கட்டடத்தையும் இயந்திரத்தையும் ஈடாகப் பெற்ற வங்கி தன் ஈட்டைத் தனியே விற்றுக்கொள்ள முடியும் என்பதால், பட்டியலில் முன்னால் நின்றும் கையில் ஒன்றும் வராமல் போகும் நிலை உண்டு. இந்தியச் சட்டம் தொழிலாளரின் கடைசி 24 மாத நிலுவையை ஈடு பெற்ற வங்கிக்குச் சமமாக நிறுத்துகிறது. சேமலாப நிதியைப் பங்கீட்டுக்கே வெளியில் வைக்கிறது. பிரித்தானியாவில் முறிந்த கம்பனியின் தொழிலாளிக்கு எட்டு வாரம் வரையான சம்பள நிலுவையை, உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசின் காப்புறுதி நிதியமே கொடுக்கிறது. நம் நாட்டில் புதிய முறிவுச் சட்டம் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டுமே.

தேயிலைச் சிறு தோட்டக்காரர்களின் நிலை இன்னும் மோசம். கொழுந்து கொடுத்துவிட்டு அடுத்த மாதம் பணம் வாங்குபவர், தொழிற்சாலைக்குப் பிணையில்லாக் கடன் கொடுத்தவர்தான். வங்கிக்கும், முற்பணம் கொடுத்த தேயிலைத் தரகருக்கும், தொழிலாளருக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் அவர் நிற்கிறார். ஒரு மாதக் கொழுந்துக் காசு தவறினால், இரண்டாவது மாதக் கொழுந்தை வேறு தொழிற்சாலைக்குத் திருப்புங்கள். நிறுவைச் சீட்டுகளை எறியாதீர்கள். கலைப்பாளர் முன் உங்களுக்கு இருக்கும் சாட்சி அவைதான்.

சிறு கம்பனி ஒன்றைப் பதிவுசெய்து நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. கடன்களைக் கழித்த தேறிய சொத்து, பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற மூலதனத்தின் பாதிக்குக் கீழ் போனது பணிப்பாளருக்குத் தெரியவந்தால், இருபது வேலை நாட்களுக்குள் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்ட அழைப்பு விடுக்க வேண்டும் என்பது 2007 இன் கம்பனிகள் சட்டத்தின் 220 ஆம் பிரிவு. கடன்களைக் கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் பணிப்பாளர் சபையைக் கூட்டாமல் சரக்கைக் கடனுக்கு வாங்கிக்கொண்டே போனால், 219 ஆம் பிரிவின் கீழ் அந்த நட்டம் உங்கள் சொந்தப் பொறுப்பாகலாம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவருக்கு

கனடாவில் இருப்பவர், வீட்டு ஈட்டுக் கடன் நீங்கலாக 250,000 டொலர் வரை கடன் இருந்தால், உரிமம் பெற்ற முறிவுப் பொறுப்பாளர் ஒருவர் மூலம், ஐந்து ஆண்டுக்குள் ஒரு பகுதியைக் கட்டித் தீர்க்கும் முன்மொழிவைக் கடன்காரருக்கு வைக்கலாம். அதற்காக ஊரில் உள்ள தாய் தகப்பனின் தோட்டை அடகு வைக்கச் சொல்ல வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. வளைகுடாவில் இருப்பவர் கடனோடு இரகசியமாக ஊர் திரும்ப எண்ண வேண்டாம். பயணத் தடையும், திரும்பிப் போக முடியாத நிலையும் அதனால் வருகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிமனிதர் தன் கடனை நீதிமன்ற மேற்பார்வையில் தவணையாகத் தீர்க்கக் கேட்பதற்கான சட்டம் 2020 முதல் உண்டு. அங்கே முதலாளியே முறிந்து சம்பளம் நின்றால், நாடு திரும்பும் முன் அங்குள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

சட்டத்தரணியிடம் போகும் நாள்

கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம். மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்தால் அருகிலுள்ள நிலையத்தைக் காட்டுவார்கள். போகும்போது கடன் கொப்பி, பிரிக்காத கடிதங்கள் உட்பட எல்லாக் கடிதங்களும், உறுதிப் பத்திரத்தின் பிரதி, அடகுச் சீட்டுகள், மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். மூன்று கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: எந்தக் கடன் ஏற்கெனவே காலாவதியாகிவிட்டது, எந்தச் சொத்தை எவராலும் தொட முடியாது, அடுத்த முப்பது நாட்களுக்குள் தவறவிடக்கூடாத திகதி எது. அந்தத் திகதியை அங்கேயே வாங்கி எழுதிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.